யமஹா எஃப்ஜேஆர்1300: பின்சக்கர கியர் ஆயிலை நாமே மாற்றுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செயினுக்குப் பதில் சுழலும் தண்டு (ஷாஃப்ட்) வழியாகப் பின்சக்கரத்துக்கு விசை போகிற ஷாஃப்ட் டிரைவ் வண்டியைத் தேடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், செயின் தொல்லை இல்லை என்பதுதான். எண்ணெய் விட வேண்டாம், தொய்வு பார்த்து இறுக்க வேண்டாம், தேய்ந்ததும் ஸ்பிராக்கெட்டோடு சேர்த்து மாற்ற வேண்டாம். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த நிம்மதியில் ஒரே ஒரு வேலை மறந்துபோகிறது. பின்சக்கரத்தின் இடப்பக்கம், ஷாஃப்ட் வந்து முடிகிற இடத்தில் ஒரு அலுமினியப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பது 200 மி.லி. கியர் ஆயில். 1,298 சிசி எஞ்சின் தருகிற விசை முழுவதும் அந்த ஒரு தம்ளர் ஆயிலில் நனைந்த பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

எஃப்ஜேஆர்1300 முதலில் 2001-இல் ஐரோப்பாவில் வந்தது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களிடமும், ஜப்பான் உட்படப் பல நாட்டுப் போலீஸாரிடமும் பெயர் வாங்கிய வண்டி. இன்று கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது மூன்றாவது ஆளிடமிருந்து வருபவை. அப்படி வாங்கினால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று. முந்தைய உரிமையாளர் எஞ்சின் ஆயில் மாற்றிய ரசீதுகளை அடுக்கிக் காட்டுவார். பின்சக்கர ஆயிலுக்கு ரசீது கேட்டுப் பாருங்கள், அநேகமாக இருக்காது.

உள்ளே நடப்பது என்ன

ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் சுழல்கிறது. சக்கரம் குறுக்குவாக்கில் சுழல வேண்டும். அந்த 90 பாகைத் திருப்பத்தைச் செய்வது ஒரு சின்னப் பினியனும் ஒரு பெரிய ரிங் கியரும். லாரி மெக்கானிக்குகள் கிரவுன்-பினியன் என்று சொல்கிற அதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சிறியது. இந்த வகைப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, அழுத்தத்தோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த வழுக்கலில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதனால்தான் இந்த மாதிரிப் பற்களுக்கென்று வருகிற ஹைப்பாய்டு கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. கடும் அழுத்தத்திலும் சூட்டிலும் அவை பல்லின் மேற்பரப்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய காப்பை உண்டாக்குகின்றன. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்தக் கந்தக வாடை இதனால் வருவதுதான்.

இன்னொன்று. எஞ்சின் ஆயிலுக்கு ஃபில்டர் உண்டு, இந்தப் பெட்டிக்குக் கிடையாது. பற்களிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அதை வெளியேற்ற ஆயிலை வடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எப்போது மாற்றுவது

புது வண்டியில் முதல் 1,000 கி.மீ.யில் ஒருமுறை. இதைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில்தான் துகள் அதிகம் உதிரும். அதற்கப்புறம் ஏறக்குறைய 20,000 கி.மீ.க்கு ஒருமுறை. யமஹா வெவ்வேறு சந்தைகளுக்குக் கொடுத்த கையேடுகளில் இந்தத் தூரம் சற்று மாறும், உங்கள் வண்டிக்குரியதைப் பாருங்கள். குறைவாக ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டரை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கனடாவிலோ பிரிட்டனிலோ குளிர்காலம் முழுக்க வண்டியைக் கொட்டகையில் நிறுத்துகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் நீராகப் படியும்.

வெள்ளத்தில் சக்கர அச்சு வரை முங்கி வந்த வண்டிக்கு எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே மாற்றுங்கள். ஓடிச் சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

எந்த ஆயில்

பழைய ஆண்டுக் கையேடுகள் கேட்பது எஸ்ஏஇ 80 (பாகுத்தன்மையின் எண்), ஏபிஐ ஜிஎல்-4 தர (அழுத்தம் தாங்கும் திறனின் தரம்) ஹைப்பாய்டு கியர் ஆயில். யமஹாவே ஷாஃப்ட் டிரைவுக்கென்று ஒரு ஆயில் விற்கிறது. அது கிடைக்காத ஊரில் நல்ல நிறுவனத்தின் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 ஹைப்பாய்டு கியர் ஆயிலைப் பலர் ஊற்றி ஓட்டுகிறார்கள், நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு லிட்டர் டப்பா ஐந்து முறைக்கு வரும். வெயில் படாத இடத்தில் மூடி இறுக்கி வைத்தால் கெடாது.

90 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. எஞ்சின் ஆயிலின் எண்களும் கியர் ஆயிலின் எண்களும் வெவ்வேறு அளவுகோலில் வருபவை. 90 என்ற கியர் ஆயில், சூடான நிலையில், 40 அல்லது 50 என்ற எஞ்சின் ஆயிலை ஒட்டிய பாகுத்தன்மைதான் உடையது. ஆனால் பாகு ஒன்றாக இருக்கிறதே என்று மீந்துபோன எஞ்சின் ஆயிலை இங்கே ஊற்றிவிடக் கூடாது. மேலே சொன்ன அழுத்தம் தாங்கும் சேர்மங்கள் அதில் இந்த அளவுக்கு இருக்காது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஆயில் 200 மி.லி.யும் கைக்காவலுக்குக் கொஞ்சம் கூடுதலும். ஆயில் ஊற்றும் துளையை மூடுகிற ஃபில்லர் போல்ட்டுக்கும், வடிக்கும் துளையை மூடுகிற டிரெயின் போல்ட்டுக்கும் புது வாஷர். போல்ட்டின் தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஆறுமுகச் சாக்கெட். பன்னிரண்டு முனை கொண்டது தலையை உருட்டிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 50 அல்லது 100 மி.லி. சிரிஞ்சு, அதன் மூக்கில் மாட்ட ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய். ஆயில் பிடிக்க அகலமான, ஆழம் குறைந்த ஒரு பாத்திரம், உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் மிகவும் நல்லது. பழைய துணி, ரப்பர் கையுறை, ஒரு அட்டைத் துண்டு.

போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு போல்ட்டுக்குமே இறுக்கம் 23 நியூட்டன் மீட்டர். கார் சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் 40-க்கு மேல்தான் தொடங்கும். இங்கே வேண்டியது 5 முதல் 50, 60 வரை போகிற சின்னது. அலுமினியப் பெட்டியில் மரை போய்விட்டால் அதைத் துளைத்துப் புது மரைச் செருகு வைக்கிற வேலை, இந்த ரெஞ்சின் விலையைவிடப் பல மடங்கு தொல்லை. வாங்க முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள். 23 நியூட்டன் மீட்டர் என்பது, 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 15, 16 கிலோ எடை தொங்கினால் வரும் இறுக்கம். பெரும்பாலான கைகள் தெரியாமலேயே இதைவிட அதிகமாகத்தான் இறுக்கும்.

படி 1: வண்டியை ஓட்டிச் சூடாக்குங்கள்

பத்துப் பதினைந்து நிமிடம் சாலையில் ஓட்டுங்கள். சூடான ஆயில் முழுவதுமாக வடியும், அடியில் படிந்த துகளும் கலங்கிச் சேர்ந்து வெளியேறும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சூடாக்குவது ஆபத்து, வேண்டாம். திரும்பி வந்ததும் சைலன்சர் ஆறும்வரை சற்றுப் பொறுங்கள். இரண்டு பக்கமும் சைலன்சர் உள்ள வண்டி இது, இடப்பக்கத்துச் சைலன்சர் நீங்கள் கை வைக்கப்போகிற இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆயில் அதற்குள் ஆறிவிடாது.

படி 2: சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட்

தரை மட்டமாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் ஆயில் அளவைத் தீர்மானிப்பது ஃபில்லர் துளையின் விளிம்புதான். வண்டி சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த அளவு முழுக்கத் தவறாகிவிடும். 290 கிலோவை ஒட்டிய வண்டி என்பதால், பின்பக்கம் பிடித்துத் தூக்கப் பார்க்காதீர்கள். ஸ்டாண்டின் இரு காலும் தரையைத் தொட்டுவிட்டதா என்று பார்த்து, உங்கள் உடல் எடை முழுவதையும் மிதியின்மேல் இறக்குங்கள், வண்டி தானாக ஏறும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

படி 3: சுற்றித் துடைத்துவிட்டு, ஃபில்லர் போல்ட்டை முதலில் கழற்றுங்கள்

இரண்டு போல்ட்டைச் சுற்றியும் ஒட்டியிருக்கும் மண்ணையும் தூசியையும் துடையுங்கள். துளைக்குள் ஒரு மணல் துளி விழுந்தாலும் அது பற்களுக்கு நடுவில்தான் போய் நிற்கும்.

இனி இந்த வேலையின் மிக முக்கியமான விதி: அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் மேலே உள்ள ஃபில்லர் போல்ட் கழல்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத போல்ட் இறுகிப்போயிருக்கலாம், அல்லது முந்தைய ஆள் கண்மண் தெரியாமல் இறுக்கியிருக்கலாம். ஆயிலை வடித்துவிட்டு, அப்புறம் ஃபில்லர் திறக்கவில்லை என்றால் வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டுகூடப் போக முடியாது. மேலே உள்ளது திறக்காவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடலாம். பழைய ஆயில் உள்ளேதான் இருக்கும், வண்டி ஓடும்.

ஃபில்லர் திறந்ததும், வடிப்பதற்கு முன் ஆயில் மட்டம் விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், ஏனென்றால் இந்த ஆயில் எஞ்சின் ஆயில்போல எரிந்து குறைவதில்லை. சக்கரத்தின் உள்பக்கத்தையும் பெட்டி ஷாஃப்டோடு சேரும் இடத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் போய்விட்டது. புது ஆயில் அதைச் சரிசெய்யாது.

படி 4: வடித்தல்

டிரெயின் போல்ட்டிலிருந்து வழியும் ஆயில் நேராக விழாமல் பெட்டியின் அடிவழியே ஓடி ரிம்மையும் டயரையும் நனைக்கப் பார்க்கும். அட்டையை மடித்து டயருக்கும் பெட்டிக்கும் நடுவே செருகி, சரிவாகப் பாத்திரத்துக்குள் இறங்கும்படி வையுங்கள். டயரின் ஓரத்தில் பட்ட கியர் ஆயில் முதல் வளைவிலேயே ஆளைத் தள்ளிவிடும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

போல்ட்டைத் தளர்த்தியபின் கடைசிச் சில சுற்றுகளைக் கையால், மேல்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, சட்டென்று விலக்குங்கள். பத்து நிமிடமாவது சொட்டவிடுங்கள். நடுவில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ரிங் கியரில் ஒட்டியதும் கொஞ்சம் இறங்கிவரும்.

படி 5: பழைய ஆயில் என்ன சொல்கிறது

அவசரப்பட்டு அதைக் கொட்டிவிடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் பற்களும் பேரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. பாத்திரம் வெள்ளையாக இருந்தால் நல்லது என்று சொன்னதும் இதற்காகத்தான்.

தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை, தெளிவாக இருந்தால் நல்ல ஆரோக்கியம். கருத்திருந்தால் நாளாகிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த முறையைக் கொஞ்சம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது மிக நுண்ணிய வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால், அது முதல் 1,000 கி.மீ. மாற்றத்தில் இயல்பு. 60,000 கி.மீ. ஓடிய வண்டியில் அதே பளபளப்பு அடர்த்தியாக இருந்தால் கவனிக்க வேண்டிய சேதி.

பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியானால் புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதையும் வடித்து இன்னொரு முறை மாற்றுங்கள். ஒரே வடிப்பில் தண்ணீர் முழுவதும் போய்விடாது, மிச்சமிருப்பது பேரிங்கில் துரு ஏற்றும். இரண்டாவது முறையும் வெளுத்தே வந்தால் தண்ணீர் வரும் வழி இன்னும் அடைபடவில்லை, சீலைப் பார்க்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் ஆயிலை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள், இதற்கு மட்டும் கையுறை வேண்டாம். வழுவழுப்பாக இருக்க வேண்டும். நெருடினால் துகள் பெரிதாகியிருக்கிறது. காந்த முனை உள்ள டிரெயின் போல்ட் மாட்டியிருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் குழைவாக ஒரு படிவு இருக்கும், அது வழக்கமான தேய்மானம். அதில் ஊசிபோல் நீண்ட சில்லோ, விளிம்பு கூர்மையான துண்டோ, செதில் செதிலான தகடோ தெரிந்தால் பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது. அந்த வண்டியை நீண்ட பயணத்துக்கு எடுக்காதீர்கள், பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற வரை ஊருக்குள்கூட வேண்டாம். பின்சக்கரம் ஓட்டத்தில் இறுகிவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பழைய ஆயிலை ஊற்றித் தேதி எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அடுத்த முறை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறமும் துகளும் எப்படி மாறியிருக்கின்றன என்பது சட்டென்று தெரியும்.

படி 6: டிரெயின் போல்ட்டை மாட்டுதல்

பழைய வாஷர் போல்ட்டோடு வராமல் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பார்க்காமல் புதிதையும் சேர்த்து மாட்டினால் இரண்டு வாஷராகிக் கசியும். துளையின் முகப்பைத் துடையுங்கள், புது வாஷரைப் போல்ட்டில் கோத்துக் கையாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. பின்னோக்கிச் சுற்றி எடுத்து மறுபடி வையுங்கள். கடைசியாக 23 நியூட்டன் மீட்டர்.

படி 7: நிரப்புதல்

சிரிஞ்சில் ஆயிலை உறிஞ்சி, குழாயை ஃபில்லர் துளைக்குள் விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். குளிர்ந்த 80டபிள்யூ-90 கெட்டியாக இருக்கும், தள்ளிய வேகத்தில் உள்ளே இறங்காது. ஆயில் டப்பாவைச் சிறிது நேரம் வெந்நீரில் நிறுத்தி எடுத்தால் சுலபம், மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள். 150 மி.லி. போனதும் நிறுத்திச் சக்கரத்தை நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஆயில் ஃபில்லர் துளையின் விளிம்பைத் தொடும்போது நிறுத்துங்கள்.

200 மி.லி. என்பது கணக்குக்குத்தான். பழைய ஆயிலில் கொஞ்சம் உள்ளேயே ஒட்டி நிற்பதால் அதற்குச் சற்றுக் குறைவாகவே இறங்கலாம். அளந்தது மீந்துவிட்டதே என்று வண்டியைச் சாய்த்தோ அழுத்தியோ ஊற்றாதீர்கள். அதிகம் ஊற்றினால் ஆயில் நுரைத்து, சூட்டில் விரிந்து, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், வருகிற இடம் டயருக்குப் பக்கம். மட்டத்துக்குக் கீழே விட்டாலோ பற்களுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போதாது.

ஐந்து நிமிடம் கழித்து மட்டத்தை மறுபடி பார்த்துவிட்டு, ஃபில்லர் போல்ட்டையும் புது வாஷரோடு 23 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

படி 8: துடைத்து, ஓட்டி, மறுபடி பார்த்தல்

பெட்டி, ரிம், டயர் மூன்றையும் துடையுங்கள். டயரில் ஒரு துளி பட்டிருந்தாலும் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டே ஓட்டுங்கள். பத்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு வந்து இரண்டு போல்ட்டையும் சுத்தமான துணியால் தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் தரையையும் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், எந்த ஆயில், பழைய ஆயில் எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போதுகூட அது உதவும்.

பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ நடத்தும் சேகரிப்பு இடத்திலோ, எடுத்துக்கொள்ளும் ஒர்க்ஷாப்பிலோ கொடுங்கள். பிரேக் ஆயிலையோ கூலண்டையோ அதோடு கலக்க வேண்டாம், கலந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

வேறு ஷாஃப்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

வேலையின் ஒழுங்கு எல்லா வண்டிக்கும் இதுதான், எண்கள் வேறு. பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ் வகையில் ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டியது 180 மி.லி., அதுவும் அளந்து ஊற்ற வேண்டும். எஃப்ஜேஆர் பழக்கத்தில் துளை விளிம்பு வரை நிரப்பினால் அங்கே அதிகமாகிவிடும். அந்த வண்டி 2004-இல் வந்தபோது பின்சக்கர ஆயில் வாழ்நாள் முழுவதும் போதும் என்று சொல்லி, அடியில் வடிப்பதற்கு ஒரு போல்ட்கூட வைக்காமல் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் டிரெயின் போல்ட்டும் வந்தது, மாற்றுவதற்கான அட்டவணையும் வந்தது. அந்தத் தொடக்க ஆண்டு வண்டி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஹோண்டா கோல்டு விங் ஜிஎல்1800 வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பாய்டு எஸ்ஏஇ 80. அளவையும் இறுக்கத்தையும் அந்தந்த ஆண்டுக் கையேட்டிலிருந்து எடுங்கள்.

இந்த ஆயில் போய்ச் சேராத ஒரு இடம்

பெட்டிக்குள் ஆயில் மாற்றிவிட்டால் ஷாஃப்ட் முழுவதும் கவனித்தாயிற்று என்று நினைக்க வேண்டாம். ஷாஃப்ட் பினியனோடு சேருகிற இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கிற ஸ்ப்ளைன் பற்களுக்கும், சக்கரத்தைப் பெட்டியோடு இணைக்கிற பற்களுக்கும் இந்த ஆயில் எட்டாது. அவற்றுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ்தான் காப்பு. அது காய்ந்துபோய், பற்கள் துருவேறித் தேய்ந்து, ஷாஃப்டையே மாற்ற நேர்ந்த வண்டிகள் உண்டு. பின் டயர் மாற்றும்போது சக்கரம் எப்படியும் கழலத்தான் போகிறது. அப்போது பற்களைத் துடைத்து மாலி கிரீஸ் மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். கடைக்காரர் தானாகச் செய்வார் என்று இருந்துவிட வேண்டாம், கிரீஸ் டப்பாவை நீங்களே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.